துல்லியோவின் சொந்தக் குரல்

“நோர்மா, நான்தான்” என்றார் துல்லியோ டெலிபோனில்.

“மறுபடியும் அந்தக் கௌபாயா?” என்று சீறினாள் அவர் மனைவி.

நோர்மா ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் கட்டு. இன்று வீட்டுக்கு விடுகிறார்கள்.

“முப்பது வருஷமா அந்த ஆளோட குடித்தனம் பண்ணியாச்சு. போதும். இன்னிக்கு எனக்குக் கண்ணு கிடையாது, காதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி கூப்பிடுவியே, அந்தக் குரல்ல வந்து கூப்பிடு, வர்றேன். பன்னிரண்டு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் மிலான்ல தங்கச்சி வீடுதான்.”

டக்.

அந்த ஆள் ஹாலிவுட் கௌபாய் நடிகர் கார்வின் ஹேல். குதிரை, தொப்பி, சிரிக்காத முகம், நாற்பத்தொரு படம். அசல் ஹேல் பேசினால் கொதிக்கிற கெட்டில் விசிலடிப்பது போல இருக்குமாம். ரோமில் யாருக்குத் தெரியும்? இங்கே அவருக்கு டப்பிங் துல்லியோதான். அந்தக் கரகரப்பே துல்லியோ கண்டுபிடித்தது.

ஒருமுறை ஹேல் ரோமுக்கு வந்தபோது துல்லியோவைக் கட்டிப்பிடித்தார். “இத்தனை வருஷமா நீ என் வாயில பேசினே. ஒருநாள் நான் உன் குரல்ல பேசறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹேல் சிரிக்கவில்லை.

போன மாதம் அவர் அரிசோனாவில் செத்துப்போனார். அதுவரை வீட்டில் பாதி நேரம் வந்த அந்தக் குரல் அன்றிலிருந்து போகவே இல்லை; துல்லியோ காப்பி கேட்டால்கூட துப்பாக்கியை நீட்டிக் கேட்பது போலவே வருகிறது.

பழைய குரல் திரும்ப மருந்துக்கடைக்காரர் சோம்புக் கஷாயம் கொடுத்தார். குடித்ததும் குரல் இன்னும் ஒரு படி இறங்கியது.

“அப்படியே ஹேல் சார்! என் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை மிரட்டுங்களேன்!” என்று குதித்தார் கடைக்காரர்.

“எனக்கு என் குரல் வேணும்யா!”

வரிசையில் நின்ற மூன்று பேர் கையைத் தூக்கிவிட்டார்கள்.

துல்லியோ டப்பிங் ஸ்டுடியோவுக்கு ஓடினார். ஒலிப்பதிவாளர் லெல்லோ அலமாரியைக் குடைந்து ஒரு பழைய டேப்பை எடுத்தான். ஹேல் படங்களுக்கு முன்னால், துல்லியோ வேலை கேட்டு வந்த அன்று பதிவு செய்தது.

“இதை நாலு தடவை கேளுங்கண்ணே, தானா ஒட்டிக்கும்.”

டேப் சுழன்றது. கொஞ்சம் மூக்கால் பேசுகிற, கூச்சமான, இருபது வயதுக் குரல். “வணக்கம். என் பேரு துல்லியோ.”

துல்லியோவுக்குக் கண் கலங்கியது. “இன்னொரு தடவை போடு.”

இரண்டாம் முறை வெறும் இரைச்சல்தான்.

“அழிச்சுட்டியாடா?”

“ஐயோ, நான் கையே வைக்கலண்ணே! திரும்பப் போடறேன், இருங்க.”

மூன்றாம் முறை இரைச்சலுக்குள் ஒரு சத்தம். கிலுங். கிலுங். குதிகாலில் முள்சக்கரம் கட்டிய கௌபாய் பூட்ஸ். மெதுவாக நடந்து தூரப் போயிற்று.

லெல்லோ சிலுவை போட்டுக்கொண்டான். “அண்ணே, மணி பன்னிரண்டு.”

துல்லியோ ஆஸ்பத்திரிக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது பன்னிரண்டேகால். நோர்மாவின் கட்டில் காலி. ஒரு கன்னியாஸ்திரீ விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

“நோர்மா எங்கே? நான் அவ புருஷன்!”

“நீங்களா? அவங்க வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போயாச்சே!”

“எந்த வீட்டுக்காரர்?”

“உயரமா, தொப்பி போட்டுக்கிட்டு... நடந்தா கிலுங் கிலுங்குன்னுச்சு. ‘நோர்மா, நான்தான்’னாரு. அந்தம்மா கட்டு நனைய அழுதுட்டாங்க. ‘இதுதான் என் துல்லியோ’ன்னு கையைப் பிடிச்சவங்க, விடவே இல்ல.”

சிஸ்டர் தலையணையைத் தட்டிப்போட்டார்.

“நல்ல மனுஷர். என்ன ஒண்ணு, அவரு உதடு அசையறதுக்கும் பேச்சுக்கும்தான் பொருந்தவே இல்ல.”