காத்துப்பிடுங்கி ஓட்டிய பந்தயம்

சிவகாசிப் பக்கம் மழைக்குப் பயந்தவர்கள் உண்டு, தீப்பொறிக்குப் பயந்தவர்கள் உண்டு. காற்றைப் பகையாளியாக வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். எங்கள் பிரஸ்ஸில் இங்க் கலக்கிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் காத்துப்பிடுங்கி, பிரஸ்ஸில் எங்களுக்கு அண்ணாச்சி.

இரண்டாயிரத்துக்கு அப்புறம், செல்போனில் பாட்டு அடித்தால் ஊரே திரும்பிப் பார்த்த காலம். நான் அங்கே புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். அவருடைய அறையில் ஃபேன் சுற்றக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது. காற்றுப் பட்டால் டப்பாவில் இங்க் ஆடை கட்டிவிடும் என்பார். அது நியாயம். ஆனால் அந்தப் பகை அறையோடு நிற்கவில்லை. ஊரில் உள்ள எல்லா டயர்களிலும் தேவைக்கு மேல் காற்று இருப்பதாக அவர் முடிவு கட்டியிருந்தார். நிறுத்திவைத்த வண்டி எதுவானாலும் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், குனிந்து காற்றைப் பிடுங்கிவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் முதலாளி காருக்கே அந்த வைத்தியம் நடந்தது. நாலு சக்கரமும் தொங்கிப்போய் நின்ற காரைப் பார்த்துவிட்டு முதலாளி ஆள் அனுப்பினார். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "இப்பத்தான் முதலாளி வண்டி தரையில நிக்குது" என்றார். முதலாளி காற்றடிக்க ஆளைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். பட்டாசு லேபிளில் சாமி முகத்துக்கு அவரைப்போல் நிறம் கலக்க வேறு ஆளில்லை.

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் இருந்தது. பங்குனிப் பொங்கல் லீவில் ஆமத்தூர் பக்கம் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். பிரஸ்காரர்களும் தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்களும் பழைய வண்டியில் லைட்டு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முள்ளு முள்ளாகப் பல் வைத்த டயரை மாட்டிக்கொண்டு வருவார்கள். புழுதி மணலில் டயர் கல்லு மாதிரி இருந்தால் துள்ளும், வழுக்கும். கொஞ்சம் தொய்ந்திருந்தால் பரந்து உட்கார்ந்து மண்ணைக் கவ்வும். அதுவரை அண்ணாச்சி சொன்னது சத்தியம்.

அதற்கு மேல்தான் வில்லங்கம். காற்றுக் குறைந்த டயர் ரிம்மை இறுக்கிப் பிடிக்காது. பந்தயத்தில் அண்ணாச்சி ஆக்சிலேட்டரை முறுக்குகிற முறுக்கில் ரிம் சுற்றும், டயர் பின்தங்கும். டயரோடு உள்ளே இருக்கிற டியூபும் நகரும். ரிம் ஓட்டையில் மாட்டி நிற்கும் வால்வு மட்டும் என்ன செய்யும்? பிய்த்துக்கொண்டு போகும். வருஷா வருஷம் பந்தயத்துக்கு வண்டியில் ஏறிப் போனவர், அதைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்.

அவர் மனைவி, எம். புதுப்பட்டி என்கிற ஊரில் இருக்கும் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வருகிறவர். பங்குனி முடிந்தால் சித்திரை கடைசி வரைக்கும், புருஷன் வண்டி தள்ளியதைச் சொல்லி வேனில் அவரைக் கேலி செய்வார்களாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த வருஷம் சோறு போடும்போது சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தள்ளிக்கிட்டு வந்தீகன்னா வண்டி பழைய இரும்புக்குப் போகும். வெளையாட்டுக்குச் சொல்லல."

அண்ணாச்சி பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். மறுநாளே ஆராய்ச்சி தொடங்கியது.

முதலில் லேபிள் ஒட்டுகிற மைதாப் பசை. டயரின் ஓரத்தில் அப்பி ரிம்மோடு ஒட்டிக் காயவைத்தார். விடிந்து பார்த்தால் எலிகள் பசையை மட்டும் தின்னவில்லை, ருசி கண்டு டயரையும் ஒரு சுற்றுக் கடித்திருந்தன. அடுத்து வார்னிஷ். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே காற்றுப் புகாமல் அது காயவே இல்லை. டயர் முன்னைவிடச் சுகமாக வழுக்கியது. காற்றுப் பட்டால்தான் இங்க் காயும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷர் அன்றைக்கு அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். பிறகு ரிம்மில் ஓட்டை போட்டு டயருக்குள் திருகாணி முடுக்கினார். டயர் அசையவில்லை. டியூபில்தான் திருகாணி எண்ணிக்கைக்குப் பஞ்சர் விழுந்தது.

விடை கிடைத்தது மெஷின் பக்கத்தில். நான் புரூஃபைக் கொண்டுபோனபோது, ஓடுகிற மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். காகிதத்தின் ஓரத்தைக் கவ்வி இழுக்குமே கிரிப்பர், சின்ன இரும்பு விரல்கள், அதைக் காட்டினார்.

"ஏலே, இது பேப்பர எங்கன பிடிக்குது?"

"ஓரத்துல அண்ணாச்சி."

"ஒட்டுதா?"

"இல்ல. அமுக்கிப் பிடிக்குது."

அவ்வளவுதான். இங்க் டப்பாவைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜென்மத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

லேத்து பட்டறையில் வளைந்த இரும்புத் துண்டு ஒன்று செய்தார். மெஷினில் கழித்துப்போட்ட ரப்பரை அதன்மேல் ஒட்டினார். டயருக்குள், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே அது உட்காரும். அதில் பற்றவைத்த போல்ட் ரிம் ஓட்டை வழியே வெளியே வரும். வெளியே நட்டை முடுக்கினால் இரும்பு இறங்கி டயரின் இரண்டு ஓரத்தையும் ரிம்மோடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தபோது ஒரு பக்கம் கனத்து வண்டி நொண்டியடித்தது. நேர் எதிரில் இன்னொன்று வைத்தார். நொண்டல் நின்றது. டயரிலிருந்து ரிம் வரைக்கும் வெள்ளை இங்க்கில் ஒரு கோடு இழுத்தார். டயர் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பந்தயத்தன்று பேப்பர் கடைக்காரர் மகன் மெட்ராஸிலிருந்து இறக்கிய புத்தம் புது வண்டியோடு நின்றான். நல்ல பையன்தான். அண்ணாச்சியைப் பார்த்து, "திரும்பிப் போறப்ப தள்ள ஆள் அனுப்பட்டுமா அண்ணாச்சி?" என்று மரியாதையாகவே கேட்டான். அண்ணாச்சி குனிந்து தன் டயரில் இன்னும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கினார். அதுதான் பதில். கரைமேல் அவர் மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தெரியாத குடும்பத்து ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கண்மாயை மூன்று சுற்று வரவேண்டும். முதல் சுற்றில் அண்ணாச்சி நடுவில் கிடந்தார். இரண்டாவதில் எல்லாரும் மணலில் துள்ள, அவர் உடும்பு மாதிரி ஒட்டிக்கொண்டு முன்னேறினார். கடைசிச் சுற்றில் அவருக்கு முன்னால் பேப்பர் கடைக்காரர் மகன் மட்டும்தான். அப்போதுதான் சீமைக்கருவேல முள் அண்ணாச்சியின் பின் டயரில் ஏறியது. டயர் சப்பையாகித் தரையோடு படுத்ததைக் கரையிலிருந்த எல்லாரும் பார்த்தோம். அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் டயர் ரிம்மைவிட்டு உருவிக்கொண்டு போயிருக்கும். இவருடையது போகவில்லை. இரண்டு இரும்பும் கவ்விக்கொண்டிருந்தன. காற்றே இல்லாத டயர் மண்ணில் அகலமாகப் படுத்துக்கொண்டு இழுத்த இழுப்பை நான் அதற்கப்புறம் எங்கும் பார்க்கவில்லை. கடைசி வளைவில் புது வண்டி மணலில் சறுக்கி அகலத் திரும்ப, உள்பக்கமாகப் புகுந்து, ஒரு பொட்டுக் காற்றில்லாமல் முதலாவதாக வந்து நின்றார் காத்துப்பிடுங்கி.

கூட்டம் முதலில் அவரைப் பார்க்கவில்லை, டயரைத்தான் குனிந்து பார்த்தது. வெள்ளைக்கோடு போட்டபடியே இருந்தது. பேப்பர் கடைக்காரர் மகன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து, தனக்கும் அதே மாதிரி ரெண்டு செய்து தரமுடியுமா என்று கேட்டான். அண்ணாச்சி மூச்சு வாங்க, "நான் அப்பவே சொன்னேன்ல, காத்து எதுக்கு?" என்றார்.

அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தலையிலிருந்த முந்தானை எப்போதோ இறங்கியிருந்தது. அதாலேயே புருஷன் முகத்துப் புழுதியைத் துடைத்துவிட்டு, வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். சப்பை டயரோடு, நடக்கிற வேகத்தில், இரண்டு பேரும் ஆமத்தூர் கடைத்தெரு வழியாக ஊர்வலம் போனார்கள்.

பிரஸ்ஸில் சத்தமாகப் பேசியறியாதவன் என்று எனக்குப் பேர். மறுநாள் வேலைக்குப் போனேன், குரலே வரவில்லை. முந்தின நாள் அந்த மனுஷருக்காக எம்புட்டுக் கத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.