சுத்தர் காப்பாற்றிய கடற்பசு

சித்தர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது சுத்தர்களைப் பற்றி. சித்தரைக் காண மலையேற வேண்டும். சுத்தரைக் காண அவ்வளவு பாடு வேண்டாம். யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் சைக்கிளை விட்டாலும் ஒரு வளவு பளிச்சென்று கிடக்கும், அதன் வேலிக்கு வெளியே ஒரு குப்பைமேடு நிற்கும். வளவு சுத்தருடையது. குப்பைமேடும் அவருடையதுதான், ஆனால் அதை அவரிடம் சொல்லித் தப்பியவர் இல்லை.

"என்ரை வளவுக்குள்ளை ஒரு குப்பை காட்டு பாப்பம்!"

காட்ட முடியாது ஐயா, காட்டவே முடியாது! காகம் கரைய முன்னமே எழும்பி, முற்றத்தைக் கூட்டி, கோழி நடந்த தடத்தையும் விருந்தாள் வந்த தடத்தையும் ஒரே விளக்குமாற்றால் அழித்து, ஒரு சொப்பின் பை, அதுதான் கடையில் சாமான் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பை, கிடந்தால் அதை இரண்டு விரலால் செத்த ஓணானைத் தூக்குவது போலத் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு, கால் கழுவி, திருநீறு பூசி நிற்பார். எறிந்த கையோடு முகத்தில் ஒரு சாந்தி வரும் பாருங்கள், அது கும்பிட்டாலும் வராது. சுத்தருடைய உலகத்தில் இரண்டே இடங்கள்தாம். ஒன்று வளவு. மற்றது அங்காலை. அங்காலை என்றால் எங்கே? அதைச் சுத்தர் யோசித்ததே இல்லை.

இணுவிலில் என் பக்கத்து வளவுக்காரர் தியாகலிங்கம் இந்த இனத்தில் முதல்தரம். ஓய்வுபெற்ற தபாலதிபர். வந்தது எதையும் தன்னிடம் வைத்திருக்காமல் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவதே உத்தியோகமாக இருந்த மனிதர். பென்சன் எடுத்த பிறகும் கை சும்மா இருக்குமா?

தொண்ணூறாம் ஆண்டில் இந்திய ராணுவம் கப்பலேறி, அடுத்த சண்டை தொடங்குவதற்குள் கொஞ்சக் காலம் மூச்சு விட்டோமே, அப்போது கொழும்புச் சாமான் லொறி லொறியாக வந்தது. கூடவே சொப்பின் பையும் வந்தது. சீனிக்கொரு பை, பருப்புக்கொரு பை, பை போட்டுக்கொள்ள ஒரு பை. தியாகலிங்கம் எறிந்தார், எறிந்தார், எறிந்துகொண்டே இருந்தார். சோளகக் காற்று கிளம்பியதும் எறிந்ததெல்லாம் வேலி கடந்து திரும்பி வந்தது. அனுப்பியது திரும்பி வந்தால் தபாலதிபருக்கு எவ்வளவு அவமானம்!

அவர் விஞ்ஞானத்தில் இறங்கினார். பைகளைக் கிணற்றடி வெயிலில் காயப் போட்டார். நாளடைவில் அவை அப்பளம் போல் நொருங்கின. நொருங்கியதைக் காலால் மிதித்துத் தூளாக்கி, நொருங்காததையும் சேர்த்து உரப்பையில் கட்டி, சைக்கிள் கரியரில் ஏற்றிக் குருநகர்க் கடலுக்குக் கொண்டு போனார்.

"தூளாப் போனால் இல்லையெண்டு அர்த்தம், தம்பி. கடலிலை உப்பைக் கொட்டினால் ஆருக்குத் தெரியும்?" என்றார் என்னிடம்.  நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்படி அவர் ஒருநாள் உரப்பையோடு கடற்கரைக்குப் போனபோது நானும் அங்கே நின்றேன். நண்டு வாங்கப் போயிருந்தேன். அவர் சுத்த சைவம், தயவு செய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கரையில் ஒரே சனம். கனிசியஸ் என்ற மீனவரின் வலையில் ஒரு பெரிய பிராணி சிக்கி, இடுப்பளவு தண்ணீரில் மூசிக்கொண்டு கிடந்தது. வாயில் ஒரு சொப்பின் பை தொங்கியது. கனிசியஸின் மகள் வருகிற ஞாயிறு முதன்முதலாய் நற்கருணை வாங்குகிறாள், புதுநன்மை. விருந்துக்கு இறைச்சி கடலே கொண்டு வந்து தந்துவிட்டதென்று அவர் மனைவி செபஸ்தியம்மா சந்தோசத்தில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள். கனிசியஸ் கத்தியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சனத்துக்குள் நின்ற யாரோ படித்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "உதைத்தான் புத்தகத்திலை கடற்பசு எண்டு போட்டிருக்கு" என்றார்.

பசு! தியாகலிங்கத்தின் காதில் மற்ற எழுத்து ஒன்றும் விழவில்லை. சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, மனிதர் வேட்டியோடு கடலுக்குள் பாய்ந்தார்.

"நிப்பாட்டு! பசுவையோ வெட்டப் போறாய்?"

"ஐயா, இது பன்றி. நாங்கள் கடற்பன்றி எண்டுதான் சொல்லுறது."

"என்ன தின்னுது?"

"சாதாளை. கடலுக்கை முளைக்கிற புல்லு."

"புல்லுத் தின்னுறது பசுவோ, பன்றியோ?"

கனிசியஸ் தலையைச் சொறிந்தார்.

"குட்டிக்குப் பால் குடுக்குமோ?"

"குடுக்கும்தான்..."

"பேந்தென்ன கதை?"

"கொம்பு இல்லையே, ஐயா?" என்று செபஸ்தியம்மா கரையிலிருந்து கேட்டாள்.

"ஏன் பிள்ளை, நீ மோழை மாடு கண்டதில்லையோ?"

இதற்கு மேல் என்ன வழக்கு? தியாகலிங்கம் பிராணியின் வாயில் தொங்கிய பையைப் பிடித்து இழுத்தார். அது நீண்டது. அதன் பின்னால் இன்னொரு பை வந்தது. பிராணி அவர் முகத்துக்கு நேரே ஒரு பெருமூச்சு விட்டது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மடியிலிருந்த திருநீற்றை எடுத்து அதன் நெற்றியென்று பட்ட இடத்தில் அப்பினார்.

"எந்தக் கோதாரி விழுவான் இந்தப் பையைக் கடலிலை போட்டவன்? வாயில்லாச் சீவன் எண்டும் பாக்கேல்லையே!"

சனம் முழுவதும் அவருடைய உரப்பையைப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. அவர் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். பொய்யழுகை இல்லை, உண்மையாகவே அழுதார். வயதான மனிதர் கடலுக்குள் நின்று அழுவதைக் கனிசியஸால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பல்லைக் கடித்தபடி, பிராணியை வெட்ட எடுத்த கத்தியால் சொந்த வலையை வெட்டிவிட்டார். கடற்பசு போய்விட்டது.

"பிள்ளையின்ரை விருந்துக்கு நான் இனி என்னத்தை ஆக்கிறது?" என்று செபஸ்தியம்மா தலையில் கை வைத்தாள். கேட்ட எனக்கே நெஞ்சு சுட்டது.

"மரக்கறி ஆக்கு, பிள்ளை. உடம்புக்கு நல்லது" என்றார் தியாகலிங்கம்.

பிறகு செய்தாரே ஒரு வேலை! இழுத்தெடுத்த பைகளையும், கரையில் கிடந்த மற்றப் பைகளையும் பொறுக்கிச் சேர்த்து, தன் உரப்பையையும் அவிழ்த்து, எல்லாவற்றையும் ஒரே கொட்டாகக் கடலில் கொட்டினார்.

"கரையிலை கிடந்தால் மாடு தின்னும், தம்பி" என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை மரக்கறியோடு முடிந்தது. அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் பின்னால் பெட்டி பூட்டிய ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் கடகடவென்று வந்தது. வர முன்னமே மணம் வந்துவிட்டது. பெட்டிக்குள் தென்னோலை போட்டு மூடி ஏதோ கிடந்தது, மேலே கனிசியஸ் இருந்தார். தியாகலிங்கத்தின் மனைவி அருமைநாயகி படலையைத் திறந்து அதை முற்றத்துக்குள் விட்டு, ஓலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ! உங்கடை மாடு வந்திருக்கு."

கனிசியஸ் இறங்கி வந்து பணிவாகச் சொன்னார்.

"ஐயா, உங்கடை பசு செத்துக் கரையொதுங்கிப் போச்சு. பசு செத்தால் வளவுக்குள்ளை தென்னையடியிலை புதைக்கிறதுதானே உங்கடை ஆக்களின்ரை வழக்கம்? கிடங்கை எங்கை வெட்டட்டும்?"

"என்ரை வளவுக்குள்ளையோ!"

"வயித்தைக் கீறிப் பாத்தனாங்கள், ஐயா. முழுக்கச் சொப்பின் பை. குடலுக்கை அரிசி நொய் மாதிரித் தூள், பச்சை, நீலம், சிவப்பெண்டு."

"தூளெண்டால் அது செமிச்சிருக்கும்" என்றார் தியாகலிங்கம். அவருடைய விஞ்ஞானம் அந்த நேரத்திலும் கைவிடவில்லை. ஆனால் கூட்டி வைத்த முற்றத்தில் லாண்ட்மாஸ்டரிலிருந்து ஒரு துளி ஊன்நீர் சொட்டியதைக் கண்டார். அவ்வளவுதான், மனிதர் குதித்தார்.

"உது பசுவில்லையடா! பன்றி! பன்றி! ஆர் சொன்னது பசுவெண்டு? கொம்பு எங்கை?"

"பன்றியெண்டால் நாங்கள் அண்டைக்கே வெட்டியிருப்பமே, ஐயா. என்ரை பிள்ளையின்ரை விருந்துக்கு வந்த சனம் பூசணிக்காய்க் கறி திண்டிட்டுப் போச்சுது." அவர் குரலில் இப்போது பணிவு இல்லை.

ஒழுங்கை முழுவதும் கூடிவிட்டது, நானும்தான். அருமைநாயகி உள்ளே போய் மண்வெட்டியைக் கொண்டு வந்து முற்றத்தில் சாத்தினார். தியாகலிங்கம் மண்வெட்டியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தன் பளிச்சென்ற முற்றத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய பார்வை மெல்ல மெல்ல வேலிக்கு மேலால் ஏறி, என் வளவுக்குள் இறங்கியது.

"தம்பி," என்றார் தேன் சொட்ட, "உங்கை உன்ரை பக்கத்திலை ஒரு தென்னை பட்டுக்கொண்டு நிக்குதல்லே?"

ஓடினேன் பாருங்கள், அப்படி நான் சண்டைக் காலத்துச் செல்லடிக்குக்கூட ஓடியதில்லை. படலையைச் சாத்தி, கொழுக்கியைப் போட்டு, முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்று காலை நீங்கள் கூட்டிய குப்பை இப்போது எங்கே? "எறிஞ்சாச்சு" என்கிறீர்கள். எங்கே எறிந்தீர்கள்? "அங்காலை" என்று சொல்ல வாய் வருகிறதல்லவா? அப்படியானால் கதைத்துக்கொண்டு நிற்காமல் போய் உங்கள் படலையைப் பூட்டுங்கள்.