பிரேக் இல்லாத சைக்கிளும் மூன்றாவது கடிதமும்

திருவண்ணாமலையில் மூன்று வகை மனிதர்கள் உண்டு: வந்தவர்கள், இருப்பவர்கள், போகப்போகிறவர்கள். வந்தவர்களை ஆசிரமத்துப் பக்கம் செங்கம் சாலையில் காவி லுங்கியும் வெயிலில் தோலுரிந்த மூக்குமாகப் பார்க்கலாம். இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது வகையைப் பற்றி. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்றில் பெல்லோஷிப் வாங்கி ஆராய்ச்சி செய்யப் புறப்படுகிறவர், புறப்பட்டுக்கொண்டே இருக்கிறவர், ஐந்து வருஷமாகப் புறப்பட்டும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டாதவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். நாலு மணிக்குக் கூட்டம் என்று சொன்னால் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப அங்க விடிகாலை நாலரை சார்" என்பார். அங்கே என்றால் எங்கே என்று கேட்கக் கூடாது. கத்திரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது இவர் வீட்டுக் கொடியில் மட்டும் ஒரு கம்பளி ஸ்வெட்டர் காயும். தை மாசம் வந்தால், "மின்னசோட்டாவுல நேத்து மைனஸ் பதினெட்டு" என்று நமக்காகக் கொஞ்சம் நடுங்கிக் காட்டுவார். நம் ஊரில் மழை பெய்கிறதா என்று கேட்டால் ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் சொல்வார்.

இவருடைய மதிப்பெண் பட்டியல் உண்மை நகல்தான் என்று பச்சை மையில் ஓர் அரசு அதிகாரி எழுதித் தர வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டதும் போட்டுத் தருகிற அதிகாரி ஊரில் ஒருவர்தான், மாட்டு டாக்டர். எனவே மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில், வயிறு உப்பிய பசுக்களுக்கு நடுவே, இவரும் வரிசையில் நிற்பார். பசுக்களுக்குக் குணமாகிவிடும்.

நம் கல்லூரித் தாவரவியல் ட்யூட்டர் சகாதேவன் இந்த இனத்தின் அசல் உருப்படி. கீழ்பென்னாத்தூர் நிலக்கடலைக் குடும்பம். நிலக்கடலை இலையில் விழும் புள்ளிநோயைப் பற்றி ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால், புள்ளியை ஒருமுறை பார்த்தான். அதன்பிறகு அதைப் பற்றி விண்ணப்பம் எழுதவே நேரம் சரியாக இருந்தது. அவன் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. தேரடித் தெரு இறக்கத்தில் செருப்பைத் தேய்த்துத்தான் நிறுத்துவான். கேட்டால், "எப்படியும் ஆகஸ்டுல போயிடப் போறேன். எதுக்கு சார் புதுசா பிரேக்கு?" எந்த ஆகஸ்டு?

மாமன் மகள் ரேணுகாம்பாள், பள்ளிக்கூட வாத்தியாரம்மா, நாலு வருஷமாகக் காத்திருந்தாள். கல்யாணம் எப்போது என்றால் "லெட்டர் வரட்டும்" என்பான். லெட்டர் வரத்தான் செய்தது. தபால்காரர் முருகையன் உறையைக் கையில் எடை பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "மெல்லிசா இருக்குது சார். வருந்துகிறோம்னுதான் எழுதியிருப்பாங்க. பிரிக்கிறீங்களா, நானே பிரிக்கட்டுமா?"

எண்பத்திரண்டாம் வருஷம் விஷயம் முற்றிவிட்டது. விண்ணப்பிக்க முப்பது வயது நிறையாமல் இருக்க வேண்டும். வருகிற பிப்ரவரியில் சகாதேவனுக்கு முப்பது. இதுவே கடைசி. மூன்று சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். முதலாவது துறைத் தலைவருடையது. உலகத்துத் துறைத் தலைவர்கள் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: "நீயே எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்து போடறேன்." மூன்று தடவை நடக்கவிட்டுத்தான் போட்டார். இரண்டாவது பிரின்சிபால். மூன்றாவது, கல்லூரிக்கு வெளியே, இவன் வேலையை நேரில் அறிந்த ஒரு பேராசிரியர். இவன் வேலையை யார் அறிவார்? இவனுக்கே தெரியாதே! மெட்ராஸில் பாடம் நடத்தியவருக்கு எழுதினான். அவர் அமெரிக்கா போய்விட்டாராம்.

அப்போதுதான் செங்கம் சாலையில் கென்னத் அகப்பட்டார். சிவப்புத் தாடி அமெரிக்கர். "தாடி இருக்குது, கண்ணாடி இருக்குது, எப்பவும் கையில நோட்டு இருக்குது. புரொபசரேதான் சார்!" என்று சகாதேவன் என்னிடம் வந்து குதித்தான். அவ்வளவுதான். மூன்று மாதம் அந்த மனிதரை விடவில்லை. பிரேக் இல்லாத சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அடி அண்ணாமலை வரை மிதித்தான். அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்தார். கீழ்பென்னாத்தூர் கொல்லைக்குக் கூட்டிப்போய் இலைப்புள்ளியைக் காட்டினான். இவன் பேசப் பேச அவர் எழுதினார். "எழுதறாரு சார்! என் வேலைய பத்தி பக்கம் பக்கமா எழுதறாரு!"

கார்த்திகை தீபம் வந்தது. மறுநாள் தபாலில் சேர்த்தால்தான் கடிதம் கெடுவுக்குள் போகும். என் வீட்டு மொட்டை மாடிக்கு கென்னத்தையும் ரேணுகாம்பாளையும் அழைத்து வந்திருந்தான். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்து ஊரே அரோகரா என்று கைகூப்பியதும், சகாதேவன் கூப்பிய கையைப் பிரித்துச் சட்டைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தான். அதே நேரம் கென்னத்தும் ஜோல்னாப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். இருவரும் நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மன்னிக்கவும்," என்றார் கென்னத். வகுப்பில் கற்ற தமிழ். "நான் பேராசிரியர் அல்லன். நானும் மாணவனே. என் பெல்லோஷிப் இம்மாதத்துடன் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் உள்ளூர் அறிஞர் ஒருவரின் கடிதம் தேவை. மூன்று மாதங்களாகத் தங்களைக் கேட்கத் தயங்கினேன்."

ரேணுகாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க அவர தொரத்த, அவரு உங்கள தொரத்த... மலைய மட்டும் ரெண்டு பேரும் நல்லா சுத்திட்டீங்க!"

சகாதேவன் கென்னத்தின் நோட்டைக் காட்டிக் கேட்டான். "அப்ப நிலக்கடலைய பத்தி எழுதனதெல்லாம்?"

"நிலக்கடலை அன்று. வெளிநாடு செல்ல விண்ணப்பித்துக்கொண்டே இருக்கும் சிறுநகர இளைஞர்கள். அதுவே என் ஆய்வு. தங்களைப் பற்றி மட்டும் நாற்பது பக்கங்கள்."

ஐயோ பாவம்! ஐந்து வருஷத்தில் அவனை அக்கறையாகப் படித்த ஒரே ஆள், அவனைப் புள்ளிநோயாகப் படித்திருக்கிறார்!

ஆனால் நம் ஆளைச் சும்மா சொல்லக் கூடாது. மெல்ல நிமிர்ந்தான். தன் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தான். கென்னத்தின் படிவத்தை வாங்கி, படிக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "நீங்களே எழுதி எடுத்துட்டு வாங்க. வியாழக்கிழமை வாங்க, பாக்கலாம்" என்றான். மூன்று தடவை நடக்கவிட்டுத்தான் போட்டான்.

பிப்ரவரியில் முருகையன் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "கனமா இருக்குது சார், கனமா இருக்குது!" விண்ணப்பம் போகவே இல்லை என்பதையும் மறந்து சகாதேவன் செருப்பில்லாமல் ஓடினான். "ஆனா உங்களுக்கில்ல சார். அந்தத் தாடிக்காரருக்கு."

அந்த வாரமே அவனுக்கு முப்பது நிறைந்தது. ரேணுகாம்பாள் கல்லூரிக்கே வந்துவிட்டாள். "அழறதுனா இன்னிக்கே அழுது முடிச்சிடுங்க மாமா. நாளைக்கு மொதல் வேலையா சைக்கிளுக்கு பிரேக் போடுங்க. அதுக்கப்புறம்தான் பத்திரிகை அடிக்கக் குடுப்பேன். நிக்கத் தெரியாத வண்டியில நான் ஏற மாட்டேன்."

போட்டான். தேரடித் தெரு இறக்கத்தில் முதல் முறையாகச் செருப்பைத் தேய்க்காமல் டக்கென்று நின்றான். அவன் நிற்பான் என்று எதிர்பார்க்காத முருகையன் பின்னால் வந்து மோதினார்.

சரி, அந்த முதல் கடிதத்துக்கு மூன்று தடவை நடக்கவிட்ட துறைத் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். படிக்கப் பயம். என் மேஜை இழுப்பறையில் ஐம்பத்தொன்பதாம் வருஷத்துப் படிவம் ஒன்று இருக்கிறது, மூன்றாவது கடிதம் மட்டும் இல்லாமல். எங்கள் சமையலறைக் கதவுக்கு அன்றிலிருந்து தாழ்ப்பாள் கிடையாது. என் மனைவி குழவிக்கல்லை முட்டுக்கொடுத்துப் பூனையைச் சமாளிக்கிறாள். எப்படியும் போகப்போகிறோம், எதற்குத் தாழ்ப்பாள் என்று நான்தான் சொன்னேன்.

நீங்கள் சிரித்தது போதும். உங்கள் வீட்டுக் குழாய் எத்தனை வருஷமாக ஒழுகுகிறது? எங்கே போவதாக உத்தேசம்?