மேசைக்கு வந்த நல்ல காலம்

மேசை என்ற பொருளுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதைச் சுற்றி உட்காருகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். மனித நாகரிகம் இந்தக் கொடுமையைப் பல ஆயிரம் ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. கடைசியில் குறை நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட இடம்: ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. நேரம்: ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரை மணி. நீக்கியவர்: கடைக்காரரின் மச்சினன்.

கடைக்காரரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள், கடைக்கு வருகிறவர்கள் கண்முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பது அவர் தொழில். ஏழாம் நாள் கடையை மூடிவிட்டுக் கதை நடத்துவார். பின்னறையில், கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே, ஆறு வருடமாக ஒரு கதை விளையாட்டு. அவர் ஓர் உலகத்தைச் சொல்வார். மற்ற மூன்று பேரும் அதில் ஆளுக்கொரு வேஷம் கட்டியிருப்பார்கள். "குகைக்குள்ள ஏதோ உறுமுது. என்ன பண்றீங்க?" என்பார் கண்ணாடிக்காரர். அவர்கள் சொல்வார்கள். சொன்னது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

கணக்கு டீச்சர் அதில் மந்திரவாதி. பள்ளியில் வாரம் முழுக்க அடக்கி வைத்த கோபத்தையெல்லாம் இங்கே வந்து பூதங்கள்மேல் நெருப்பாகக் கொட்டுவார். கண்ணாடிக்காரரின் மனைவி திருடி. நிஜ வாழ்க்கையில் பேனாவைக்கூட இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறவள், விளையாட்டில் அவள் உடைக்காத கஜானா பாக்கியில்லை. மூன்றாமவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவர் தூதர்.

லிஃப்ட்காரருக்குத் திக்குவாய். "வ... வ..." என்று ஆரம்பித்து வணக்கத்தை முடிப்பதற்குள் எதிராளி இரண்டு மாடி ஏறிப் போயிருப்பார். கடைகளில் விரலை நீட்டித்தான் சாமான் வாங்குவார். ஆனால் ஞாயிறு மதியம் தூதராகிவிட்டால், மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். முதல் வார்த்தை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். டீ ஆறினாலும் ஆறட்டும் என்று காத்திருப்பார்கள். அப்புறம் பேச்சு மடை திறந்த மாதிரி வரும். ராஜாக்கள் மனம் மாறுவார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இது எப்படி என்று ஆறு வருடத்தில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம்.

இப்படிக் கற்காலத்தில் கிடந்தவர்கள் நடுவே மச்சினன் வந்து சேர்ந்தான். பெரிய கம்பெனியில் அவனுக்குத் "தீர்வு வல்லுநர்" என்று பதவி. பிரச்சினை இருக்கிற இடத்தில் தீர்வு சொல்ல யாராலும் முடியும். இல்லாத இடத்திலும் சொல்வதால்தான் அவன் வல்லுநர். வாசலில் நின்று பத்து நிமிடம் விளையாட்டைப் பார்த்தான்.

"மாமா, மேசை மேல இது என்ன?"

"பூதம், மாப்ள."

"சட்டைப் பட்டன் மாதிரி இருக்கு?"

"பட்டன்தான். பூதம்னு வச்சிருக்கோம்."

"இது?"

"டிராகன்." கண்ணாடிக்காரர் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை வாய் பிளந்து, டப்பென்று மூடிக் காட்டினார். டீச்சர் வழக்கம்போல அலறிப் பின்னால் சாய்ந்தார். மச்சினன் சாயவில்லை.

"உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு, மாமா," என்றான் மெதுவாக, துக்கம் விசாரிக்கிற குரலில்.

கண்ணாடிக்காரருக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. உலகம் போய்க்கொண்டிருக்கும்போது தான் மட்டும் பட்டனோடு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய மானக்கேடாகப் பட்டது. மறுநாளே மச்சினனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு "மெய்நிகர் மேசை" திறந்துவைக்கப்பட்டது. அது ஒரு மென்பொருள். வரைபடம், பகடை, பூதம், இருட்டு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வெவ்வேறு ஊரில் மாட்டிக்கொண்டு சந்திக்க வழியில்லாதவர்கள் சேர்ந்து விளையாடுவதற்காகத்தான் அதைச் செய்தார்களாம். ஒரே அறையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது அவசியம் என்று கண்டுகொண்டதில்தான் மச்சினனின் தொலைநோக்கு இருக்கிறது. மேசையின் மேல் ஒரு பெரிய டிவியை மல்லாக்கப் படுக்கவைத்தான். நாலு விளிம்பையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு லேப்டாப்பை மடியில் வைத்தான். ஆளுக்கொரு ஹெட்போனைத் தலையில் மாட்டினான்.

"டேய், டீயை எங்கடா வைக்கிறது?" என்றாள் அவன் அக்கா.

"தரையில வைக்கா. மேசை இனிமே திரவத் தடை மண்டலம்."

முதல் முக்கால் மணி நேரம் மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. அதை நாலு பேரும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆட்டம் தொடங்கியது.

"நான் கதவைத் திறக்கிறேன்," என்றார் டீச்சர்.

"வாயால திறக்கக் கூடாது டீச்சர். கிளிக் பண்ணணும்."

"எதை கிளிக் பண்றது? எனக்கு எல்லாம் கருப்பா இருக்கே."

"உங்களுக்கு இன்னும் பார்வை குடுக்கலை. மாமா, டீச்சருக்குப் பார்வை குடுங்க."

இருபது வருடமாக ஊருக்கே பார்வை கொடுத்து வந்தவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். எதையோ அழுத்தினார். டீச்சருக்கு வரவேண்டிய பார்வை கதவுக்கு வந்தது. கதவு டீச்சரைப் பார்த்தது.

"அது கிடக்கட்டும், நான் பூட்டை உடைச்சிடறேன்," என்றாள் திருடி.

"உனக்கு அனுமதி இல்லக்கா."

"திருடிக்கு எதுக்குடா அனுமதி?"

"அட்மின் ஒப்புதல் கொடுத்தாத்தான் திருட முடியும். அதுதான் பாதுகாப்பு."

டீச்சர் எரிச்சலில் பையிலிருந்து தன் பழைய பகடையை எடுத்து உருட்டினார். ஆறு விழுந்தது. "கையால உருட்டினது பதிவாகாது," என்று மச்சினன் அதைப் பணிவோடு எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஹெட்போனில் ஒவ்வொருவர் பேச்சும் அரை வினாடி தாமதித்து வந்தது. பக்கத்தில் இருப்பவரின் வாய் முதலில் அசையும். அவர் குரல், வெளியூர் போய்விட்டுத் திரும்பியது போல, பின்னால் வரும். மூன்று மணி நேரத்தில் ஒரு கதவு திறந்தது. சாயங்காலம் எல்லோருக்கும் வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை வந்தது: "செயல்திறன்: மிக நன்று." கண்ணாடிக்காரர் அதை அச்செடுத்துக் கடைக்குள் ஒட்டினார்.

ஐந்தாவது ஞாயிறுதான் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. நாலு மாதமாகக் கதை அந்த நாளை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. மலைராஜாவின் சிறையில் இருபத்துமூன்று பேர் கிடந்தார்கள். சண்டை போட்டு மீட்க முடியாது. தூதர் பேசித்தான் மீட்க வேண்டும். லிஃப்ட்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். பையில் நாலாக மடித்த தாள் ஒன்று தெரிந்தது. அவர் முறை வந்ததும் எழுந்தார். விளிம்பைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனார்.

"அண்ணே, ஸ்க்ரீன்ல கை வைக்காதீங்க!"

கை அந்தரத்தில் நின்றது. எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை இறங்கி ஏறியது.

"ரா... ரா..." என்றார்.

அரை வினாடி கழித்து அவர் காதிலேயே, வேறு யாரோ பழித்துக் காட்டுகிற மாதிரி, அது திரும்பி வந்தது: ரா... ரா...

லிஃப்ட்காரர் சட்டென்று வாயை மூடினார். முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, எதுக்குக் கஷ்டப்படறீங்க?" என்றான் மச்சினன். அவன் குரலில் கேலி துளியும் இல்லை, உண்மையான பாசம். "உங்களை மனசுல வச்சுதான் இந்த வசதியையே போட்டேன். கீழ 'பேச்சுவார்த்தை'ன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க. அதை அழுத்துங்க, போதும். இனிமே நீங்க பேசவே வேண்டாம்."

கண்ணாடிக்காரருக்கு ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, "நீங்க பேசுங்க, நாங்க காத்திருக்கோம்," என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் திரையில் "தொடரலாமா?" என்று ஒரு கேள்வி எழுந்தது. கேட்கிறதே என்று "ஆம்" அழுத்திவிட்டார்.

லிஃப்ட்காரர் பட்டனை அழுத்தினார். திரைப் பகடை சுழன்று நின்றது. நாலே வினாடியில் இருபத்துமூன்று பேரும் விடுதலை. திரையில் பூமாரி பொழிந்தது. டீச்சர் கைதட்டினார். மனைவி கைதட்டினாள். கண்ணாடிக்காரரும் தட்டினார். லிஃப்ட்காரர் மட்டும், கிடைத்த வெற்றியைத் தாங்க முடியாதவர் போல, தலை குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. வீட்டிலிருந்தபடியே இணைந்துகொள்வதாக எழுதியிருந்தார்.

"பாத்தீங்களா மாமா, எவ்வளவு வசதி!" என்றான் மச்சினன்.

அதற்கடுத்த வாரம் டீச்சரும் தன் வீட்டிலிருந்தே பூதங்களை எரித்தார். ஒரு மாதத்தில் கண்ணாடிக்காரரின் மனைவி மாடியிலிருந்து திருடத் தொடங்கினாள். பின்னறையில் மல்லாந்து கிடந்த டிவியின் முன்னால் கண்ணாடிக்காரர் தனியாக உட்கார்ந்து உலகத்தை நடத்தினார். வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு என்று அறிக்கை சொன்னது. ஆறு வருடத்தில் இப்படியொரு வருகை இருந்ததே இல்லை. முன்பெல்லாம் யாருக்காவது காய்ச்சல் வரும்.

ஒரு புதன்கிழமை காலையில், கண்ணாடிக்காரர் லென்ஸ் வாங்கப் போன கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. திறந்த கதவுக்கு முன்னால் கையெல்லாம் கிரீஸோடு லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு விரலை மட்டும் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். இரண்டு முழத் தூரத்தில் கண்ணாடிக்காரரின் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். "வணக்கம்," என்று இருந்தது.

கண்ணாடிக்காரர் போனைப் பைக்குள் போட்டார். லிஃப்ட்காரர் பக்கத்தில், படியிலேயே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மலைராஜாகிட்ட என்ன பேசறதா இருந்தீங்க? அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்தீங்க? எனக்கு அது கேக்காமப் போச்சேன்னு இருக்கு."

லிஃப்ட்காரர் போனைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தார். எழுந்து நின்றார். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

"ரா... ரா... ரா..."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். கழுத்து நரம்பு புடைக்க லிஃப்ட்காரர் முயன்றுகொண்டிருந்தார். மேல்மாடியில் யாரோ லிஃப்ட் எப்போது ஓடும் என்று கத்தினார்கள். கண்ணாடிக்காரரின் பார்வை கடிகாரத்துக்குப் போய் வந்தது. கடை திறக்கும் நேரம். அவர் எழுந்து, லிஃப்ட்காரர் தோளில் மிகுந்த அன்போடு கையை வைத்தார்.

"பரவாயில்லைங்க, சிரமப்படாதீங்க. நிதானமா டைப் பண்ணி அனுப்பிடுங்க."

லிஃப்ட்காரர் வாயை மூடிக்கொண்டார். சரி என்று தலையசைத்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். இன்று வரை அவரிடமிருந்து ஒரு எழுத்து வரவில்லை.

மச்சினனை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒரு மனிதன் வாயை அடைக்க அந்தக் காலத்து ராஜாக்களுக்குச் சிறையும் சவுக்கும் காவலாளியும் தேவைப்பட்டன. இங்கே அதே வேலையை அந்த மனிதன்மேல் உயிரையே வைத்திருந்த நாலு பேர் செய்து முடித்தார்கள். அதில் மூன்று பேர் கையும் தட்டினார்கள்.