ஐந்து பாடகர்களுக்குச் சந்தனப் பொட்டு

இசைத்தட்டின் அட்டையில் நின்ற ஐந்து பாடகர்களின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"என்ன செய்து வைச்சிருக்கிறீர், வித்தியா?" என்றான் பிருந்தன்.

"சரஸ்வதி பூசையப்பா. புத்தகத்துக்கு, மிருதங்கத்துக்கு எல்லாம் வைச்சனான். பாட்டுக்காரரை மட்டும் எப்பிடி விடுறது?" என்றாள் அவன் மனைவி.

அது பிருந்தனுடைய தட்டு அல்ல. பேக்கரியில் அவனுக்கு மேலாளரான அருமைநாதன் அண்ணையுடையது. சோல் என்ற கறுப்பின மக்களின் இசையை ஊர் ஊராகப் பாடியும் எடுபடாத ஒரு குழுவைத் தூக்கி நிறுத்திய ஆல்பம். அண்ணை இளவயதில் மொன்றியல் குளிரில் மூன்று மணி நேரம் நின்று, ஐந்து பேரிடமும் அட்டையிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார். யாருக்கும் இரவல் கொடுக்காதவர், பிருந்தன் இரண்டு மாதம் கேட்டதில் இளகி, ஞாயிறு திரும்பி வரவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். காலியாகும் பகல் வேலைக்கு யாரை எடுப்பது என்று தீர்மானிக்கப்போகிறவரும் அவர்தான்.

முதலில் ஈரத் துணியால் துடைத்தார்கள். சந்தனம் போயிற்று. குங்குமம் பரவி, ஐவரும் வெட்கப்பட்டவர்கள் போலச் சிவந்தார்கள்.

நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்றாள் வித்தியா. அது சொன்னதைவிட நன்றாகவே வேலை செய்தது. குங்குமம் போயிற்று. ஐந்து கையெழுத்தும் கூடவே போயின.

"உண்மையைச் சொல்லுவமே?" என்றான் பிருந்தன்.

"சொல்லுங்கோ. பேந்து காலம் முழுக்க விடியப்புறம் மூண்டு மணிக்கு மா குழைக்கப் போங்கோ."

தட்டை வாங்கிய அன்றே, எதற்கும் இருக்கட்டும் என்று அவன் அட்டையைப் படமெடுத்து வைத்திருந்தான். வித்தியா கார்டெரி எனும் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளின் பெயர்களை அழகாக எழுதி ஒட்டுகிறவள். ஒரு பீட்சாப் பெட்டி நிறையும்வரை எழுதிப் பழகிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து கையெழுத்தையும் அவளே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த அண்ணையின் வீட்டுக்குத் தட்டைக் கொண்டுபோனார்கள். அருமைநாதன் கண்ணாடியைப் போட்டு அட்டையை ஒரு நிமிடம் பார்த்தார். பிருந்தனுக்கு அந்த நிமிடம் மிக நீளமாக இருந்தது.

"பொறுப்பான ஆள் நீர்," என்றார் அவர். "நாளையிலயிருந்து பகல் வேலைக்கு வாரும்."

அவர் தட்டை உள்ளே கொண்டுபோய் வைக்கப் போனார். அவர் பக்கத்தில் நின்று அட்டையைப் பார்த்திருந்த அவர் மனைவி அக்னெஸ், வழியனுப்ப வந்து, வாசலில் வித்தியாவின் கையைப் பிடித்து நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள்.

"இது என்ர எழுத்தில்லையே, பிள்ளை. போன வருசம் தேத்தண்ணி ஊத்துப்பட்டு அழிஞ்ச பிறகு, அஞ்சு கையெழுத்தையும் போட்டது நானெல்லோ."