பெட்டிக்குள் அழுத பல்

பல் பேசுமா? பேசும். சந்தேகமிருந்தால் பல் மருத்துவமனைக்கு எதிரே, குடை பழுதுபார்க்கும் கடையின் மாடிக்குப் போய்ப் பாருங்கள். பற்செவியார் என்ற மகான் அங்கே இருக்கிறார். பிடுங்கிய பல்லைக் காதோரம் வைத்து, அது சொல்வதைக் கேட்டுச் சொல்கிறார். வாயில் இருந்தவரை ஊமையாகக் கிடந்த பல், வெளியே வந்ததும் ஓயாமல் பேசுகிறதாம்! மாடிப்படி முழுக்கக் கூட்டம். கன்னம் வீங்கியவர்கள், அவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்து வந்தவர்கள், ஒரு வலியும் இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

மருத்துவமனையில் தரும் சின்னப் பெட்டியோடு பல்லை அப்படியே கொடுக்க வேண்டும். திறந்தால் குளிர் பட்டுப் பல்லுக்குக் குரல் கட்டிவிடுமாம். பற்செவியார் பெட்டியைக் குலுக்குவார். கண்ணை மூடுவார். "நாளைக்கு வீங்கும். நாளான்னைக்கு இன்னும் வீங்கும். நாலாம் நாள் வடியும்" என்பார். அப்படியே நடக்கும். நடக்காமல் என்ன செய்யும்? மருத்துவமனையில் கொடுக்கும் தாளில் அதைத்தானே அச்சடித்திருக்கிறார்கள்! அந்தத் தாளை முழுதாகப் படித்தவர் ஊரில் ஒருவர்தான். அவர் மாடியில் கடை விரித்துவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பல்லின் கோபம் தணிய ஒரு சாம்பல் பொடியும் தருகிறார். பல் இருந்த குழியில் அதை அடைக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்.

தையல்காரர் அந்தப் படியில் மூன்று முறை ஏறி இறங்கியவர். அவருடைய மனைவிக்குக் கடைசிக் கடைவாய்ப்பல் பாதி முளைத்துக் குறுக்கே படுத்திருந்தது. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம் நிஜமானது. அதைக் கொண்டுபோய் ஒப்படைத்த இடம்தான் சரியில்லை.

மனைவி அரசாங்க அதிகாரி. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவள் வேலை.

"பொடியை வெச்சே ஆகணும்மா. ஊரே வெக்குது" என்றார் தையல்காரர்.

"கீழ்வீட்டு டிரைவரும்தான் வெச்சாரு. கழுத்து வரைக்கும் சீழ் பிடிச்சு ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாரே?"

"அவருக்கு நம்பிக்கை பத்தலையாம். ஐயா சொன்னாரு."

"ஓகோ! அப்ப நம்பிக்கை குறைஞ்சாத்தான் சீழ் பிடிக்குமா?"

பல் பிடுங்கும் நாளில் தையல்காரருக்கு நாற்பது சீருடைச் சட்டை அவசரம். அவள் தனியாகப் போய்த் திரும்பினாள். இடக்கன்னம் வீங்கியிருந்தது. வாயைத் திறக்காமல் சின்னப் பெட்டியை நீட்டினாள். அவர் குலுக்கிப் பார்த்தார், உள்ளே கடகடவென்றது. "ஐயாகிட்ட போகலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் தலையாட்டினாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

பற்செவியார் பெட்டியைக் காதில் வைத்தார். முகம் சுருங்கியது.

"ஐயோ, என்ன அழுகை! இத்தனை வருஷம் இருந்த வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களேன்னு தேம்பித் தேம்பி அழுகுது."

தையல்காரருக்கும் கண் கலங்கியது.

"பொடியை அடைக்கலைன்னா மூணாம் நாள் தாடை இறுகும். உயிருக்கே ஆபத்து."

"எத்தனை பொட்டலம் வேணும்னாலும் குடுங்கய்யா!" தையல்காரர் கைகூப்பினார்.

அவள் எட்டிப் பெட்டியைப் பிடுங்கினாள். "திறக்காதம்மா!" என்று மகான் அலறுவதற்குள் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். நாலு துளை. காலையிலிருந்து அதே மாதிரிப் பொத்தான்களைத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் அதை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

பற்செவியார் சளைப்பாரா? "பாத்தீங்களா! அவநம்பிக்கை பட்டதும் பல்லு பொத்தானா மாறிடுச்சு!" கூட்டத்தில் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், வீங்கிய கன்னம் என்பதையும் மறந்து.

"அப்ப என் வாய்க்குள்ள இருக்குற இது யாரோட பல்லு?"

அவள் கைபேசி விளக்கைப் போட்டு வாயைத் திறந்தாள். வலியில் கண்ணீர் வந்தது, ஆனாலும் திறந்தாள். கடைவாய்ப்பல் குறுக்கே படுத்தபடி, சொந்த வீட்டிலேயே சௌக்கியமாக இருந்தது.

"ஈறு பழுத்திருக்கு, அஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் பிடுங்கலாம்னு டாக்டர் திருப்பி அனுப்பிட்டாரு. வெறும் பெட்டியைக் கேட்டு வாங்கி, சட்டைப் பொத்தானை நான்தான் உள்ள போட்டேன். தராசு சோதிக்கப் போனா நான் முதல்ல பாக்குறது வெறும் தட்டைத்தான். ஒண்ணுமே வைக்காம எடை காட்டுச்சுன்னா அந்தத் தராசு எதுக்கு உதவும்? இந்த மகான் வெறும் தட்டுக்கே உயிருக்கு ஆபத்துன்னு எடை போட்டுட்டாரு!"

"என் மகளோட பல்லும் இதே அழுகைதான் அழுதுச்சாம்" என்றது ஒரு குரல். "என்னுதும்தான்" என்றது இன்னொன்று. மகான் பின்பக்கப் படியில் இறங்கியது யார் காதிலும் விழவில்லை.

"நான் முட்டாள்மா" என்றார் தையல்காரர்.

"முட்டாள் இல்லீங்க, பயந்துட்டீங்க. பயந்தா யோசிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

மறுவாரம் பல்லைப் பிடுங்கினார்கள். இந்த முறை தையல்காரர் தாளை நாலு தடவை படித்தார். துணியில் பனிக்கட்டி சுற்றி ஒத்தடம் கொடுத்தார், கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார், மாத்திரையை மணி பார்த்துக் கொடுத்தார். யார் உத்தரவையும் கேட்காமல் வீக்கம் வந்தது, யார் உத்தரவையும் கேட்காமல் நாலாம் நாள் வடிந்தது.

மாடி இப்போது காலி. ஆனாலும் படியில் பத்துப் பேர் நிற்கிறார்கள், அடுத்த மகான் எப்போது வருவார் என்று விசாரித்தபடி. பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் மரத்துப்போகும், இரண்டு மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிடும். படியில் நிற்கும் பெரியோர்களே, உங்கள் மூளைக்கு எப்போது திரும்பப் போகிறது?