பதினேழாம் பாத்தியின் இலை

வேலை நேரத்தில் போனில் பேசாதவர் யார்? ஆனால் பேசியே ஒரு நல்ல கோதுமை ரகத்தை அறுத்துத் தள்ளப் பார்த்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

அத்திபெலே ஊரைத் தாண்டி, கன்னடம் பேசும் பக்கத்தில் எங்கள் ஆராய்ச்சி வயல். வெயில் ஊரிலும் நன்றாக விளையும் கோதுமையைத் தேடிக்கொண்டிருந்தோம். இலை எவ்வளவு கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது என்று அளந்தால், அறுவடைக்கு முன்பே நல்ல ரகம் தெரிந்துவிடும் என்பது எங்கள் தலைவி ஸ்டெல்லா மேடத்தின் நம்பிக்கை. துணி கிளிப் மாதிரி இலையைக் கவ்வும் கருவியோடு அளப்பது என் வேலை. (அதைத் தோளில் மாட்டினாலே எனக்கு விஞ்ஞானி நடை வந்துவிடும்.)

பாத்திக்கு ஒரு ரகமாக இருந்த நாற்பது பாத்திகளில் பதினேழாவது மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. என் பட்டியலில் முதல் ஐந்தை வைத்துக்கொண்டு மீதியை அறுத்துவிட மேடம் முடிவு செய்தார்.

அன்று காலை ஆட்கள் அரிவாளோடு வரப்பில் நின்றார்கள். மேடம் பதினேழை ஒரு தடவை கண்ணால் பார்க்க விரும்பினார். இலையைக் கவ்வவிட்டேன். பழைய எண்ணில் பாதிகூட வரவில்லை. மூன்று இலை மாற்றினேன். அதே கதை.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "முரளி, நம்பர நீயே போட்டுக்கிட்டியாப்பா?"

வேலை போனால் வேறு தேடலாம். பொய் எண் எழுதியவன் என்ற பெயர் வந்தால் யார் சேர்ப்பார்கள்? அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை பதினேழை அளக்கக் குந்தியிருந்தபோதுதான் எனக்கு நிச்சயமான கவிதா போன் செய்து, கல்யாண மண்டபம் பிடிக்கவில்லை என்று சண்டை போட்டாள். நானோ கருவி காற்றை இழுக்கும் குழாயருகே முகத்தை வைத்துப் பெருமூச்சாக விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போன காற்றில் என் மூச்சின் கரியமில வாயு கூடியதை, இலை இழுத்ததாகக் கருவி கணக்கிட்டுவிட்டது. அளந்தது என் மூச்சை.

திக்கித் திணறிச் சொன்னேன். மேடம் நம்பவில்லை.

"அதே மாதிரி உக்காந்து, அவங்களுக்கே போன் போடு."

போட்டேன். கவிதாவின் கோபம் இன்னும் தீரவில்லை. இரண்டு நிமிடம் மன்னிப்பு, நடுநடுவே பெருமூச்சு. எண் தாறுமாறாக எகிறியது.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றாள் கவிதா.

எட்டு ஆட்களும் ஒரு மேடமும் இருந்தார்கள். யாரும் இல்லை என்றேன்.

மேடம் திரும்பி, இன்று அறுக்க வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லி ஆட்களை அனுப்பிவிட்டார். நாற்பது பாத்திகளையும் மறுபடி அளந்தேன், என் போன் அவர் கைப்பையில். பதினேழு பட்டியலின் கடைசிக்குப் போனது. அறுபட இருந்த ஒரு ரகம் ஐந்துக்குள் நுழைந்து, அறுவடையிலும் நன்றாகவே விளைந்தது.

கவிதாவைத்தான் கட்டிக்கொண்டேன், அவள் கேட்ட மண்டபத்தில். வயலில் நடந்ததை அவள் வீட்டில் எல்லோரிடமும் நானே உளறிவிட்டேன். இன்றும் வீட்டில் ஏதாவது ரகசியம் என்றால் அவள் என்னைப் பார்த்து, "மூச்சு விடாதீங்க" என்பாள். ரகசியம் என்னவென்று கேட்குமுன்பே மாமனாருக்குச் சிரிப்பில் புரையேறிவிடும்.